தலை தட்டையான பிஸ்டன்

“ஃபோர்ஜ்டு பிஸ்டன் நாலு. டோம் வச்சது. சீக்கிரம் எடுங்கம்மா, இன்னைக்கே இன்ஜினைக் கோர்க்கணும்!”

பள்ளிக்கூட வேன் டிரைவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வாரம் பூராவும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆமை வேகத்தில் ஊர்கிற மனிதர், மாசக் கடைசியில் நடக்கும் கார்ப் பந்தயத்தில் முதன்முதலாக ஓடப்போகிறார். பழைய கார், புது டர்போ. பிஸ்டன் மட்டும்தான் பாக்கி.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரம்மா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. “டர்போ வண்டியா?”

“ஆமாம்மா.”

“அப்போ ஃபிளாட் டாப் எடுத்துக்கங்க. தலை தட்டையா இருக்கும். அதுவும் ஃபோர்ஜ்டுதான், என்ன அடிச்சாலும் தாங்கும். டர்போ ஏற்கெனவே காத்தைத் திணிச்சு அமுக்குது. அதுல தலை மேடான டோமையும் போட்டா உள்ள இடமே இருக்காது. சூடு ஏறி, பெட்ரோல் முந்திக்கிட்டு வெடிச்சு...”

“எல்லாம் தெரியும்மா!” டிரைவர் கையை வீசினார். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்த்த வீடியோக்களெல்லாம் பின்னே எதற்கு? “எனக்கு வேகம் வேணும். மூணு வருஷமா கப்பை யாருக்கும் விட்டுக் கொடுக்காம ஒரு கறுப்பு வண்டி ஓடுது பாருங்க, அதை மண்ணைக் கவ்வ வைக்கணும். யாரு ஓட்டுறாங்கன்னுகூட எனக்குத் தெரியாது. வீடியோவுல ஹெல்மெட்தான் தெரியுது. யாரா இருந்தா என்ன, கவ்வ வைக்கணும்!”

கல்லாவில் இருந்த கடைக்காரம்மாவின் கணவர் சட்டென்று நிமிர்ந்தார். முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

“அடடே! சார் எவ்வளவு ஆசையா கேக்கிறார். டோமையே குடுத்துடேன்மா!”

கடைக்காரம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “டோம் ஸ்டாக் இல்லைங்க.”

டிரைவரோடு வந்திருந்த மைத்துனன் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். கண் மட்டும் கழுகுக் கண். “மாமா, பின்னாடி மேல் தட்டைப் பாருங்க. டோம் படம் போட்ட டப்பா. நம்ம இன்ஜின் நம்பர்தான் போட்டிருக்கு!”

“அது வேற ஒருத்தருக்கு எடுத்து வச்சது” என்றாள் கடைக்காரம்மா, கண்ணை இமைக்காமல்.

“யாருக்கு?”

“அதெல்லாம் சொல்றதில்லைங்க.”

டிரைவருக்குக் குரலே மாறிவிட்டது. “அம்மா, என்கிட்ட இருக்கிறது இந்த ஒரு இன்ஜின்தான். இதுவும் போச்சுன்னா கார் ஷெட்டைக் காலி பண்ணித் தையல் மெஷினைப் போட்டுடுவேன்னு சொல்லிட்டா என் வீட்டுக்காரி. இதை விட்டா எனக்கு வேற பந்தயம் கிடையாதும்மா.”

“அப்போ கண்டிப்பா ஃபிளாட் டாப்தான்.”

“பாவம், மனுஷன் இவ்வளவு கெஞ்சுறாரே, குடுத்துத் தொலையேன்!” கணவர் துடித்துப்போனார். கடைக்காரம்மா இந்தத் தடவை ஒரு பார்வை பார்த்தாள். அவர் கால்குலேட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

வேறு எங்கே ஆர்டர் போட்டாலும் வந்து சேருவதற்குள் பந்தயமே முடிந்துவிடும். டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டைத் தலைகளை வாங்கிக்கொண்டு இறங்கினார்.

“விக்காத சரக்கை நம்ம தலையில கட்டிட்டு, நல்லதை வேண்டப்பட்டவங்களுக்கு ஒதுக்கியாச்சு” என்று பொருமினான் மைத்துனன்.

“அந்தாளு தங்கமான மனுஷன் மாப்ளே. இப்படி ஒரு பொம்பளைகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிறார், பாவம்.”

பந்தய நாள் வந்தது. பழைய விமான ஓடுதளம். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டிரண்டு வண்டியாக ஓட்டம். திட்டிக்கொண்டே மாட்டிய பிஸ்டன்கள் ஒரு சுற்றில்கூட முனகவில்லை. ஒன்று, இரண்டு என்று ஆட்களைத் தள்ளிவிட்டு, டிரைவர் கடைசிச் சுற்றுக்கே வந்துவிட்டார்! பக்கத்துத் தடத்தில் கறுப்பு வண்டி நின்றது.

பச்சை விளக்கு எரிந்தது.

டர்போ விசிலடித்தது. டிரைவரின் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. பாதி தூரம் வரை கறுப்பு வண்டிதான் முன்னால். மிதித்தார். இன்னும் மிதித்தார். இன்ஜின் கேட்டதையெல்லாம் கொடுத்தது. கோட்டைத் தாண்டும்போது அவருடைய வண்டியின் மூக்கு ஒரு முழம் முந்தியிருந்தது.

“ஜெயிச்சாச்சு மாமா! ஜெயிச்சாச்சு!” மைத்துனன் கை கொடுக்க வந்தவர்களையெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். தையல் மெஷின் போடுவதாகச் சொன்ன வீட்டுக்காரி நாற்காலி மேலேயே ஏறி நின்று விசிலடித்துக்கொண்டிருந்தாள்.

கறுப்பு வண்டியின் கதவு திறந்தது. ஹெல்மெட் கழன்றது. உள்ளேயிருந்து இறங்கியது கடைக்காரம்மா!

டிரைவர் வண்டியிலிருந்து குதித்து அவள் முன்னால் போய் நின்றார். வாயைத் திறந்தவரால் நிறுத்த முடியவில்லை.

“ஓகோ! அந்த ‘வேற ஒருத்தர்’ நீங்கதானா? நான் ஜெயிச்சிடக் கூடாதுன்னு நல்ல பிஸ்டனைப் பதுக்கிட்டு, மட்டமானதை என் தலையில கட்டினீங்க. இப்போ என்னாச்சு? அதை வச்சே உங்களை முந்திட்டேன் பாத்தீங்களா!”

கடைக்காரம்மா சிரித்தாள். “ரொம்ப நல்லா ஓட்டினீங்க” என்று கையை நீட்டினாள்.

டயர் உருட்டிக்கொண்டு வந்த கணவருக்குத்தான் பொறுக்கவில்லை. டயரைத் தரையில் போட்டுவிட்டுக் கத்தினார்.

“எங்க வண்டியிலயும் ஃபிளாட் டாப்தான்யா இருக்கு! நீங்க கேட்ட டோமை வித்திருந்தா, முதல் சுத்துலயே பிஸ்டன் பொத்துக்கிட்டு உங்க இன்ஜின் செத்திருக்கும். கப்பு இந்நேரம் எங்க கையில இருந்திருக்கும்! குடுத்துடு, குடுத்துடுன்னு நானும் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். ‘அவர் நமக்கு எதிரியா இருக்கிறதெல்லாம் டிராக்ல, நம்ம கடையில இல்ல’ன்னுட்டா இவ!”