பதினோராவது பென்குயின்

வாசகசாலையின் பத்துக் கணினிகளில் ஒன்றில்கூட ஹார்ட் டிஸ்க் கிடையாது. காலை வெயில் அவற்றின் கறுப்புத் திரைகளில் தூசியைக் காட்டிக்கொண்டிருக்க, நூலகர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வருகிறாள். மூலையில் சர்வருக்கு முன்னால் அவளுடைய கொழுந்தன் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான். கணினிகள் விழித்ததும் வயர் வழியே கூப்பிட வேண்டும். சர்வர் பதில் சொல்லி, அவற்றை இயக்கும் லினக்ஸ் மென்பொருளை அனுப்ப வேண்டும். "பக்கத்து ஆபீஸும் இதே வயர்லதான் இருக்கு. அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா என் தலைதான் உருளும்," என்கிறாள் நூலகர். "நம்ம பத்தைத் தவிர வேற எது கூப்பிட்டாலும் இந்த சர்வர் வாயே திறக்காது அண்ணி. போடுங்க." அவள் போடுகிறாள். பத்து விசிறிகள் ஒன்றாக முனக, வயர்களின் நுனியில் பச்சை விளக்குகள் படபடக்கின்றன. முதல் திரையின் மூலையில் லினக்ஸின் சின்னமான பென்குயின் ஒன்று வந்து உட்காருகிறது. அடுத்ததில் இன்னொன்று. வரிசை முழுக்கப் பென்குயின்கள். நூலகர் வாசகசாலை என்பதையும் மறந்து கைதட்டுகிறாள். அப்போது வாசலில் பக்கத்து ஆபீஸ் தட்டச்சுக்காரி மூச்சிரைக்க நிற்கிறாள்: "எங்க பழைய மிஷின்ல ஒரு பென்குயின் வந்திருக்கு!" கொழுந்தனின் கை சட்டைப் பைக்குப் போகிறது. இவற்றுக்கு மட்டும் பதில் சொல் என்று சர்வருக்குக் கொடுக்க வேண்டிய, பத்துக் கணினிகளின் அடையாள எண்கள் கொண்ட பட்டியல் இன்னும் அங்கேயே எட்டிப் பார்க்கிறது. "மன்னிச்சிடுங்க, இப்பவே எடுத்துடறேன்." "ஐயோ, எடுத்துடாதீங்க! டிஸ்க் போய் மூணு மாசமா செத்துக் கிடந்துது. தினமும் ஒரு நப்பாசையில போட்டுப் பார்ப்பேன். இன்னிக்குத்தான் கண்ணைத் திறந்திருக்கு." நூலகர் கொழுந்தனின் பையிலிருந்து பட்டியலை உருவி, பத்துக்குக் கீழே பதினொன்று என்று எழுதி, அவளுடைய மிஷினின் எண்ணை எழுதச் சொல்லிப் பேனாவைத் தட்டச்சுக்காரியிடம் நீட்டுகிறாள்.