நடுச்சுவர்

பக்கத்து வீட்டில் இடி தொடங்கிவிட்டது. காலை ஏழு மணிக்கு, நாள் தவறாமல், டும் டும் டும் என்று மூன்று.

சிவமணி வீடு கூட்டுகிற தும்புத்தடியை எடுத்து அதே சுவரில் திருப்பி மூன்று போட்டாள். அந்தப் பக்கம் உடனே அடங்கியது.

"அந்தப் பயம் இருக்கட்டும்," என்று சுவருக்குச் சொல்லிவிட்டு அடுப்பை மூட்டப் போனாள். உண்மையைச் சொல்லப்போனால், அநேக நாட்களில் அவள் வாய் திறந்து கதைப்பது அந்தச் சுவரோடு மட்டும்தான்.

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கையில், ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வீடு. இந்தப் பக்கம் சிவமணி. புருஷன் றெயில்வேயில் கிளாக்காக இருந்து செத்து மூன்று வருஷம், ஒரே மகன் மலாயாவில். அந்தப் பக்கம் புடைவைக்கடை மர்ஸூக்கும் பெண்சாதி றலியாவும். றலியா கோஷா, தெருப்படி இறங்கமாட்டாள். சிவமணியோ பெரிய ஆசாரக்காரி. பெருநாளுக்கு அவர்கள் அனுப்பின பலகாரத்தைத் தட்டோடு திருப்பி அனுப்பினவள். பிறகு எங்கே பழக்கம் வரும்?

உரலில் மா இடித்துச் சுவரை அதிர வைக்கிறார்கள் என்று வீட்டுச் சொந்தக்காரர் நமசிவாயத்திடம் இரண்டு தரம் முறையிட்டாகிவிட்டது. இன்னொரு தரம் முறைப்பாடு வந்தால் அவர்களுக்கு வீட்டை விடச்சொல்லி நோட்டீஸ்தான் என்று அவரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சரிந்திருந்தாள். திடீரென்று சுவர் அதிர்ந்தது. அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுகிலுத்தன. புருஷனின் படம் ஆணியோடு கழன்று விழுந்து, கண்ணாடி சுக்குநூறாகிப் போனது.

காலைமை இடித்தது காணாதென்று இப்போது மத்தியானமுமா? தும்புத்தடி முறியுமட்டும் சுவரில் அடித்தாள். செத்த மனுஷனைக்கூட நிம்மதியாக விடமாட்டார்களா என்று நினைக்க அழுகை வந்தது. அழுதால் ஏனென்று கேட்க ஓர் ஆள் இல்லையே என்று நினைக்க இன்னும் வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நமசிவாயம் வீட்டுக்குப் போனாள். அவர் இல்லை. நோட்டீஸோடு வரட்டும் என்று வேலைக்காரியிடம் சொல்லிவிட்டுத் திரும்பினாள். ஒழுங்கைச் சனமெல்லாம் வாசலில் நின்று எதையோ பரபரப்பாகக் கதைத்தது. அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை நமசிவாயம் வந்தார். ஒரு கையில் நோட்டீஸ், மற்றக் கையில் பேப்பர்.

"தங்கச்சி, நேற்று ஆடினது அவையின்ரை உரல் இல்லை, பூமி. மாலைதீவுப் பக்கம் கடலுக்குள்ளை நிலம் நடுங்கினதாம். கோட்டையிலை துரைமாரின்ரை கந்தோரிலும் மேசையெல்லாம் ஆடினதாம்."

சிவமணி விடுகிற ஆள் இல்லை. "நேற்று பூமி எண்டால், ஒவ்வொரு நாளும் காலைமை ஏழு மணிக்கு ஆடுறதும் பூமியோ?"

நியாயமான கேள்விதான் என்று அவருக்கும் பட்டது. இருவருமாகப் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். சிவமணி அந்தப் படி ஏறுவது அதுதான் முதல் தரம்.

நோட்டீஸைக் கண்டதும், அன்று கடை பூட்டென்று வீட்டில் நின்ற மர்ஸூக்கின் முகம் செத்துப்போனது. குசினிக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். உரலும் இல்லை, உலக்கையும் இல்லை. முதல் முறைப்பாடு வந்த கிழமையே மாளிகாவத்தையில் மாமியார் வீட்டுக்கு அனுப்பியாயிற்றாம். ஏழு மாதமாக மா அங்கேயிருந்துதான் வருகிறதாம்.

"அப்ப சுவரிலை இடிக்கிறது ஆர்?" என்று நமசிவாயம் குரலை உயர்த்தினார்.

ஆறு மணிக்கே கடைக்குப் போகிற மர்ஸூக்குக்கு என்ன தெரியும்? அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து றலியாவின் குரல் வந்தது.

"நான்தான் விறகுக் கட்டையால தட்டுற. போன மழைக்கு அந்த அம்மா காய்ச்சல்ல ரெண்டு நாள் எழும்பேலாமக் கெடந்த. ஒரே சுவர்தான் நடுவுல, எங்களுக்குப் பொறகுதான் தெரிஞ்ச. நான் வெளிய வரேலா. அவங்க எங்கள உள்ளுக்கு எடுக்கவும் மாட்டாங்க. அதுதான் ஒவ்வொரு நாளும் தட்டிப் பாக்குற. அவங்க கோவத்துல திருப்பித் தட்டினாத்தான், உசிரோட ஈக்கிறாங்க எண்டு நான் தேத்தண்ணி குடிக்கிற."