முப்பத்தெட்டாவது மனை

ஒரு வீடு எழும்ப இரண்டே பேர் போதும். ஒருவர், நிலம் அளக்கும் சங்கிலியின் இந்த நுனியில் நிற்கும் சர்வேயர். மற்றவர், அந்த நுனியில் நிற்கும் ராசு. கொத்தனார், சித்தாள் எல்லாம் அப்புறம் வருகிறவர்கள்.

இது ராசுவின் கருத்து. சங்கராபுரம் டீக்கடையில் இதை யாரும் மறுத்ததில்லை. அவன் பேசி முடித்து எழுந்தால்தான் பெஞ்சில் இடம் கிடைக்கும்.

சர்வேயர் அரங்கநாதன் கூப்பிடுகிற நாளில் ராசு அரசாங்கம். மற்ற நாளில் மரவள்ளி பிடுங்கும் கூலியாள்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் ரோட்டோர வயல்களில் நெல்லுக்குப் பதில் கலர் அடித்த கற்கள் முளைத்தன. நிலமில்லாத முப்பத்தெட்டு குடும்பங்கள் மட்டும் மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தன. கடைசியில் மலையடிவாரத்தில் ஒரு புறம்போக்குத் துண்டு ஒதுங்கியது. ஆளுக்கு மூன்று சென்ட். பாதி மண், பாதி பாறை. பாறை போக எத்தனை மனை தேறும் என்று அளந்தால்தான் தெரியும். தேறாவிட்டால் பட்டியலில் அடியில் இருப்பவர்களுக்குக் கிடையாது.

பட்டியலின் கடைசிப் பெயர் இருசம்மாள். ராசுவின் மனைவி.

ராசுவும் இரண்டு அண்ணன்களும் குடும்பத்தோடு ஒரே அறையில் இருந்தார்கள். நடுவில் தொங்கிய இரண்டு சேலைகள்தான் சுவர்.

அந்தத் துண்டின் ஓரத்தில் முனியப்பன் சாமி. சொந்த வீடு வேண்டுகிறவர்கள் சாமிக்கு எதிரே மூன்று கல்லை நிறுத்தி, மேலே ஒன்றை மூடி, ஒரு குட்டி வீடு கட்டிவிட்டுப் போவார்கள். இப்போது அங்கேயும் இட நெருக்கடி.

இருசம்மாளும் கட்டியிருந்தாள். கிழக்கே வாசல், கூரைக்கு ஓர் உடைந்த ஓடு. ராசு ஒரு வாரம் சிரித்தான்.

“கல்ல அடுக்கிக்கினு ஒக்காந்தா வூடு வந்துடுமா? சாமி இன்னா, சர்வேயரா?”

“ஊர் நெலத்தயெல்லாம் அளக்கறியே, நமக்குன்னு ஒரு சாண் அளந்தியா?”

ராசு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான்.

அளவு நாளன்று மத்தியானத்துக்குள் முப்பத்தேழு மனைக்குக் கல் நட்டு, சிவப்புப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது சாமிக்கு எதிரே அந்தக் குட்டி வீடுகள் நின்ற இடம்.

ஆக்கிரமிப்பை எடுக்கச் சொன்னார் அரங்கநாதன்.

ராசு காலைத் தூக்கினான். சாமியைப் பார்த்தான். காலை இறக்கி, கையால் ஒவ்வொன்றாகப் பிரித்து ஓரம் வைத்தான். உடைந்த ஓட்டைக் கடைசியாக எடுத்தான்.

பிறகு சங்கிலியை இழுத்துக்கொண்டு பாறையை நோக்கி நடந்தான். நுனி நின்ற இடத்துக்கும் பாறைக்கும் நடுவே ஒரு சாண் மண் மீதி இருந்தது.

தேறுகிறது என்று சர்வேயர் எழுதிக்கொண்டார். ராசு பேசாமல் இருந்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கடைசிக் கல்லுக்கும் பெயிண்ட் அடித்துவிட்டுக் கிளம்பினார்கள். பைக்கில் ஏறப்போனவன் நின்றான்.

“பெயிண்ட் டப்பாவ அங்கயே வுட்டுட்டேன் சார். தோ வந்துடறேன்.”

முனியப்பனுக்குப் பக்கத்தில், மனைக் கல்லுக்கு அந்தப் புறமாகக் குந்தி உட்கார்ந்தான். பிரித்த வீடுகளையெல்லாம் முதலில் திரும்ப நிறுத்தினான். அடுத்தவர் கேட்ட வீட்டை நாம் கெடுப்பானேன். கடைசியாக மூன்று கல், மேலே உடைந்த ஓடு, வாசல் கிழக்கே.

கொஞ்சம் யோசித்தான். இதற்குத்தான் இடம் கிடைத்தாகிவிட்டதே.

யாரும் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, ஓட்டின் மேல் இன்னும் மூன்று பொடிக் கல்லை நிறுத்தி, ஒரு சில்லால் மூடி, மாடியும் கட்டினான்.

திரும்பி வந்தபோது அரங்கநாதன் பைக்கை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார்.

“கெடச்சுதா?”

“கெடச்சுதுங்க சார்.”

ராசு பின்னால் ஏறி உட்கார்ந்தான். ஹேண்டில்பாரில், கிளம்பும்போது அவனே மாட்டிய இடத்தில், பெயிண்ட் டப்பா ஆடிக்கொண்டிருந்தது.