நர்சுக்கு வீடில்லை
புளியமரத்தடியில் தகரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து செந்துறை பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள் நர்ஸ் செல்லக்கண்ணு. நர்ஸ் வேண்டும், நர்ஸ் வேண்டும் என்று மனுமேல் மனுப் போட்ட ஊர்தான் இது. வந்தவளிடம் "எந்தத் தெரும்மா நீ?" என்று அங்கமுத்துவின் வாயால் கேட்டது. காலனித் தெரு என்றதும் வாடகைக்கு ஒரு வீடும் இல்லாமல் போயிற்று. அங்கமுத்துவின் காலி வீட்டில் கடலை மூட்டைகள் சௌகரியமாகக் குடியிருக்கின்றன. இவள் பள்ளிக்கூட வராந்தாவில் கொசுக்கடியோடு படுத்துப் பார்த்துவிட்டு இன்று கிளம்பிவிட்டாள். புழுதியோடு பஸ் வந்து நிற்கிறது. பெட்டியைப் படியில் ஏற்றுகிறாள். தோள்துண்டு தரையில் புரள ஓடி வருகிறார் அதே அங்கமுத்து. "நர்சம்மா, போயிடாதீங்க! மருமவளுக்கு வலி எடுத்துடுச்சு, துடிக்கிறா. வூட்டுக்கு வாங்க!" நேற்று "நீ" என்ற வாயில் இன்று எத்தனை மரியாதை! கண்டக்டர் வாயில் விசில் அப்படியே நிற்கிறது. செல்லக்கண்ணு பெட்டியைக் கீழே இறக்கித் திறக்கிறாள். கத்தரிக்கோலும் பஞ்சும் இருக்கும் பையை எடுத்துக்கொண்டே கேட்கிறாள்: "முன்வாசல் வழியா வரவா, கொல்லைப்பக்கமா வரவா? மொதல்ல அதைச் சொல்லுங்க." அங்கமுத்து துண்டால் முகத்தைத் துடைக்கிறார். துடைத்துக்கொண்டே இருக்கிறார்.