பாம்பன் பாலத்தில் மூளையடக்கம்

மனித மூளை பயத்தை வென்ற மகத்தான நிகழ்ச்சி, 1954 ஆடி அமாவாசைக்கு முதல் நாள், இராமேஸ்வரம் ரயிலின் மூன்றாம் வகுப்பில் நடந்தது.

பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தது. காற்றில் பெட்டி ஆடியது. இரண்டு பக்கமும் தண்ணீர். வெள்ளையம்மாள் கணவர் மூக்கையாவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"உசிரே போயிரும் போலருக்குங்க."

"ஏன் பதறுற? பயமெல்லாம் மூளையில இருக்கு. மிரளுற மாட்டை அடக்குற மாதிரி அதை இழுத்துப் புடிக்கணும். என்னையப் பாரு!"

பார்த்தாள். அவர் நிதானமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். எதிரே நடுங்கிக்கொண்டிருந்த தொண்டிக்காரர், "அய்யா பெரிய ஞானி!" என்று கும்பிட்டார். மூக்கையா அவருக்கும் மூளையைப் பற்றி விளக்கினார்.

இப்படிப்பட்ட மனுசனைக் கட்டியும் தனக்குப் புத்தி வரவில்லையே என்று வெட்கப்பட்ட வெள்ளையம்மாள், பல்லைக் கடித்துக்கொண்டு நடுக்கத்தை அடக்கினாள். கொஞ்சம் அடங்கவும் செய்தது.

பாலம் தாண்டிப் பாம்பன் ஸ்டேஷனில் வண்டி நின்றது. மூக்கையா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இம்புட்டுப் பெரிய கண்மாய் நம்ம பக்கம் இல்லப்பா. சரி, கடல் எப்ப வரும்?"

"அதைத்தானே அய்யா இப்பத் தாண்டி வந்தோம்" என்றார் தொண்டிக்காரர்.

அமாவாசை முடிந்ததும் வெள்ளையம்மாள் தனியாக ரயிலேறி ஊர் வந்து சேர்ந்தாள். ஆவணி பிறந்தும் மூக்கையா தீவை விட்டுக் கிளம்பவில்லை.