வெள்ளைக்காரன் காலத்துக் காகிதம்

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டை இடிக்க இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. புறம்போக்கு என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

"நூறு வருஷமா இருக்கோம்னு வாயால சொன்னா எப்படி அண்ணாச்சி? வெள்ளக்காரன் காலத்துக் காகிதம் ஒண்ணு காட்டுங்க, நிறுத்துதேன்" என்றார் தாலுகா ஆபீசில் அதிகாரி.

"அப்படி எதுவும் இல்லய்யா" என்றார் அப்பா.

அவர் சட்டைப் பையில் மடித்த காகிதம் தெரிந்தது. காலையில் அதைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்ததை நான் பார்த்தேன். என்னை ஒருநாளும் தொட விட்டதில்லை.

அவரை வராந்தாவுக்கு இழுத்துச் சென்றேன்.

"கையில வச்சுக்கிட்டே ஏன்ப்பா இல்லங்கிய?"

"அது வேண்டாம், மக்கா."

"எந்திரிக்க முடியாத அம்மாவ எங்கன கொண்டு போட?"

"தெருவுல கெடப்போம். ஊர்க்காரங்க நிக்காவ பாரு. நாளைக்கு ஒனக்கு மாப்பிள்ளை பாக்கணும்லா."

நான் காகிதத்தைப் பிடுங்கி மேசையில் வைத்தேன். அதிகாரி இரண்டு முறை படித்தார்.

"பேரு, தெரு, வருஷம் எல்லாம் சரியா இருக்கு. ஆனா கட்டம் பூரா என்ன கைரேகை, அண்ணாச்சி?"

அப்பா தலை நிமிராமலே சொன்னார்.

"எங்க ஆளுக பொறவியிலேயே திருடங்கன்னு வெள்ளக்காரன் எழுதி வச்சான். ஊர விட்டுப் போகலன்னு காட்ட எங்க தாத்தா தினமும் போலீஸ் ஸ்டேஷன்ல வச்ச ரேகை, ஐயா."