நாற்பத்தோராவது படம்

"நாப்பது பேர் பிள்ளைங்க படமும் வந்தாச்சு. மப்ரூக்கா மகன் படம் மட்டும் வரல. அவ பிள்ளை என்ன ராஜா வீட்டுப் பிள்ளையா?"

துரய்யா கேட்டாள். மப்ரூக்கா அங்கே இல்லை. மஹ்தியா துறைமுகத்தில் சங்கத்து நோட்டீஸ் ஒட்டப் போயிருந்தாள்.

இத்தாலிக்குப் படகேறிப் போய், உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாத பிள்ளைகளின் அம்மாமார் சங்கம் அது. அவர்களுக்கு வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள் ஹாஜர். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். படம், உடம்பிலுள்ள தழும்பு, உடைந்த பல், கடைசியாகப் போட்டிருந்த சட்டை. அரபியிலும் பிரெஞ்சிலும் இத்தாலிய மொழியிலும். அக்கரையில் யாராவது பார்த்து, "இவனைத் தெரியும்" என்று ஒரு வரி எழுதினால் போதும்.

"விடு துரய்யா. அவ தரும்போது தரட்டும்" என்றார் தலைவி வஸீலா.

"அதென்னக்கா அவளுக்கு மட்டும் சலுகை? எங்களையெல்லாம் அழ அழ பெட்டியைக் கிளற வெச்சீங்களே!"

"விடுன்னு சொன்னேன்ல."

ஹாஜருக்கும் இது நியாயமாகப் படவில்லை. அதைவிடக் குழப்பம், அந்த வெப்சைட்டுக்காக மப்ரூக்கா மாதிரி உழைத்தவர் யாருமில்லை. ஒவ்வொரு அம்மா பக்கத்திலும் உட்கார்ந்து, "இடது காலா, வலது காலா? அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லு" என்று விவரம் வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். வெப்சைட் பெயர் அச்சடித்த நோட்டீஸை மீன்பிடி படகுகளில், வெளியூர் வேன்களில் ஒட்டினாள். ரேடியோ நிலைய வாசலில் இரண்டு நாள் நின்று, வஸீலாவைப் பேச வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

தன் மகனைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமை வெப்சைட் திறந்தது. பத்தாம் நாள் இத்தாலியின் சிசிலியிலிருந்து ஒரு கடிதம். அங்கே ஒரு கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் எழுதியிருந்தார். பெயரில்லாமல் வெறும் எண் போட்டுப் புதைத்த ஒருவன். வலது முழங்கையில் தீக்காயத் தழும்பு, பச்சை பனியன்.

துரய்யாவின் மகன்.

மூன்று நாள் துரய்யாவின் வீட்டில் அடுப்பை மூட்டியவள் மப்ரூக்காதான். துரய்யா அவள் மடியில் படுத்து அழுதாள்.

நான்காம் நாள் ஹாஜர் மப்ரூக்காவைத் தேடிப் போனாள்.

"பாத்தீங்கல்ல சித்தி? துரய்யா சித்திக்கு ஒரு பதில் கெடச்சிருச்சு. உங்களுக்கும் கெடைக்கலாம். இப்பவாவது படத்தைக் குடுங்க."

மப்ரூக்கா முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்படிம்மா குடுப்பேன்? வஸீலா மகன் அனிஸ் போன படகை ஓட்டினதே என் ரம்ஸிதான்."

ஹாஜர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கட்டணம் கட்ட வழியில்லாத பய. 'நீ சுக்கானைப் பிடி, உன்னைச் சும்மா கூட்டிட்டுப் போறோம்'னு ஏத்திட்டானுங்க. பதினேழு பேரு. ஒருத்தன்கிட்டேருந்தும் தகவல் இல்ல. அனிஸ் முகத்துக்குப் பக்கத்துல இவன் முகத்தை எப்படி வைக்கிறது? 'இவன்தான் ஓட்டினான்'னு யாராவது அடையாளம் சொல்லிட்டா? வஸீலாவுக்குத் தெரிஞ்சா என்னைப் படியேற விடுவாளா?"

அன்று சாயங்காலம் ஹாஜர் சங்கத்துக்குப் போனாள். வஸீலா தனியாக உட்கார்ந்து, வந்த கடிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, எல்லாரும் கண்டிப்பா படம் தரணும்ங்கற விதியை எடுத்துடலாமா?"

"ஏன்?"

"சும்மாதான்... சிலருக்குச் சங்கடமா இருக்கும்ல."

வஸீலா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"மப்ரூக்கா உன்கிட்ட சொல்லிட்டாளா?"

"உங்களுக்கு... எப்படி?"

"கரையை விட்டுக் கிளம்பும்போது அனிஸ் போன் பண்ணினான். 'பயப்படாதம்மா, மப்ரூக்கா மகன் ரம்ஸிதான் ஓட்டறான், அவனுக்குக் கடல் தெரியும்'னான். அதுதான் அவன் கடைசியாப் பேசினது."

"தெரிஞ்சுமா அவங்களைச் சங்கத்துல சேத்தீங்க?"

"அவளுக்கும் பிள்ளை போயிருக்கே, மகளே."

வஸீலா கடிதங்களை உறைக்குள் வைத்து மூடினார்.

"எனக்குத் தெரியும்ங்கறதை மட்டும் அவகிட்ட சொல்லிடாத. அப்புறம் இங்க வர மாட்டா."